அந்தப் பாட்டைப் போடாத வீடு

என் அன்பு தனம் அக்காவுக்கு,

ஊருக்கெல்லாம் நீ வசந்தமணி. எனக்கு மட்டும் தனபாக்கியம், அதையும் முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு தனம். நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் அம்மா மண்டபத்தில் திதி கொடுத்தோம். என் மகன் நந்தகுமார்தான் செய்தான். ஐயர் சொல்லச் சொல்ல, வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்கிற பயத்திலேயே எல்லா மந்திரத்தையும் சொல்லி முடித்தான். காவிரியில் தண்ணீர் நன்றாகவே போகிறது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். உன்னிடம் அதைக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. நாங்கள் நலம். மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இரண்டு காதிலும் மிஷின் வைத்தாயிற்று. வேண்டாத பேச்சு வந்தால் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுகிறார். உன் ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் ஒரு டாக்டர் குடும்பம் குடியிருக்கிறது. நல்ல மனுஷர்கள்தான், ஆனால் நீ நின்று காபி குடிக்கிற பால்கனியில் வாஷிங் மெஷினை வைத்துவிட்டார்கள்.

உன்னைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். ஒருவர் நீ தஞ்சாவூரில் பிறந்ததாக எழுதியிருந்தார். இன்னொருவர் உன் படங்களில் பாதியை வேறொரு நடிகை பெயரில் எழுதிவிட்டார். அதெல்லாம் போகட்டும். 'அரங்கன் மீது கொண்ட பக்தியால் கடைசிக் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார்' என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போல எழுதியிருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ ஏன் ஸ்ரீரங்கத்துக்கு வந்தாய் என்பது எனக்கும் உனக்கும்தானே தெரியும்.

பத்திரிகையில் இதைப் படிக்கிறவர்களில் உன்னைத் தெரியாத சின்ன வயசுக்காரர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

லால்குடிக்குப் பக்கத்தில் நமக்கு வயல். நீ நாற்று நடுகிற பெண்களுக்கு நடுவில் நின்று பாடி, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாடி, அப்படியே திருச்சியில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாய். அப்பா தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், ஒவ்வொரு நாடகத்துக்கும் தானும் வருவேன் என்று. வந்தார். பகலெல்லாம் வயலில் நின்ற மனுஷன், முதல் வரிசையில் உட்கார்ந்து நீ மேடைக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார். நீ சோகக் காட்சியில் அழும்போது கீழே குறட்டை கேட்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

அப்புறம் சினிமா. சொந்தக் குரலில் பாடி நடிக்கிற பெண்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்த காலம் அது. நீ நடித்தாய், பாடினாய். குறும்புக்காரத் தங்கையாக, வாயாடி மதினியாக, பிற்பாடு டிவி சீரியலில் பொல்லாத மாமியாராக. பொல்லாத மாமியாருக்குத்தான் ஆட்டோகிராஃப் அதிகம் கேட்டார்கள். கல்யாணப் பெண்ணைக் கேலி செய்து நீ பாடிய ஊஞ்சல் பாட்டு ஒன்று உண்டு. உன் பாட்டுகளிலேயே உனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது வேறு. ஆரம்ப காலத்துப் படம் ஒன்றில், செத்துப்போன அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மகள் பாடுவாள். 'ஆக்கி வச்ச சோறு ஆறுதே அம்மா' என்று தொடங்கும். படம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பாட்டை மைக் செட்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் ஜில்லாவில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும், பந்தல் போடுவதற்கு முன்னால் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முதலில் அந்தப் பாட்டைப் போடுவார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள் உன் குரல் கேட்டதும் நிமிர்ந்து, "யாரு?" என்று கேட்பார்கள். செத்தது யார் என்று அர்த்தம்.

நான் ஜங்ஷனில் ரயில் வருகிற நேரத்தை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள். தாமதமானாலும், ரத்தானாலும், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பாடம். "நம்ம ரெண்டு பேர்ல உன் குரலுக்குத்தான்டி மரியாதை. உன் குரல கேட்டா ஜனங்க மூட்டையத் தூக்கிட்டு ஓடுது. என் குரல கேட்டா மாலை வாங்க ஓடுது" என்பாய்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். ஆனால் அந்தப் பாட்டுக்கு அப்புறம் கல்யாண வீடுகளில் உன் எந்தப் பாட்டையும் போடுவதில்லை. குரலுக்கே ஆகாத பெயர் வந்துவிட்டது. என் கல்யாணத்தில் மைக் செட்காரர் ஆசையாக உன் இசைத்தட்டு ஒன்றை எடுத்து வைக்கப் போனார். பந்தியில் இருந்த அப்பா எச்சில் கையோடு ஓடிவந்து தடுத்தார். நீ பந்தலில்தான் உட்கார்ந்திருந்தாய். "விடுங்கப்பா, கை கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாய். ஒரு முறை கல்யாணக் கச்சேரிக்கு உன்னை ஒப்பந்தம் செய்த குழுவிடம், பெண் வீட்டார் தாம்பூலத்தோடு வந்து, "அவங்க வந்து வாழ்த்தட்டுங்க, பாட மட்டும் வேணாம்" என்றார்கள். நீ வாழ்த்திவிட்டு வந்தாய். நீயே ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நிருபர்கள் கேட்டால், நேரமில்லை என்பாய். என்னிடமும் அதையேதான் சொன்னாய்.

சென்னையை விட்டு வந்தபோது எங்களோடு எடமலைப்பட்டி புதூரில் இரு என்று எவ்வளவோ கேட்டேன். "உன் தெருவுல வாரத்துக்கு ஒரு தடவ நான் பாடுறேன்டி. ஸ்ரீரங்கத்துல கோயில சுத்தி இருக்கிற வீதிங்கள்ல சாவுக்கு மைக் செட் கட்டறதில்ல" என்றாய். அரங்கனிடம் நீ கேட்டது அவ்வளவுதான். அப்படியும் விட்டதா? அம்மா மண்டபம் ரோட்டில் என்றைக்காவது ஒரு வண்டி அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு போகும். நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "சுருதி எறங்கி ஓடுது பாரு" என்பாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாகப் பேசிய நாளில் கேட்டதும் அதுதான். "என் சாவுக்கு அந்தப் பாட்ட போடக் கூடாது கமலம். போடறதா இருந்தா ஊஞ்சல் பாட்டப் போடு. ஒரு நல்ல காரியத்துல என் குரல் கேக்கணும். எதுவும் கெடைக்கலன்னா இதையே நல்ல காரியமா வச்சுக்க." நான் சரி என்றேன். உன்னிடம் வேறென்ன சொல்ல முடியும்?

நீ போன பிறகு என்ன நடந்தது என்பதை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுபடியும் சிரித்துவிடுவாய் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

உன்னை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். மைக் செட் செல்வராஜ் கூப்பிடாமலே வந்து நின்றார். அந்தப் பாட்டு வேண்டாம், ஊஞ்சல் பாட்டைப் போடுங்கள் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மா, ஊருக்கெல்லாம் அவங்கள வச்சுத்தான் அனுப்பினோம். அவங்கள அனுப்ப அவங்க இல்லயா?" என்றார். அப்புறம் சொன்னபடி போட்டார். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தப்பாக ஏதோ ஓடுகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினாள்.

உப்பிலியபுரத்திலிருந்து மாமாவும் அத்தையும் ஒரு வேன் நிறைய ஆட்களோடு தாய்மாமன் வீட்டுக் கோடிப்புடவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருமுனை வரை வந்திருக்கிறார்கள். ஊஞ்சல் பாட்டுக் கேட்டதும் டிரைவர், "இங்க ஏதோ விசேஷம் போலருக்குங்க" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். ரெண்டு தெரு தள்ளிப் போனதும் அந்தப் பாட்டு கேட்டிருக்கிறது. மாமா ஜன்னலில் கையை நீட்டி, "அந்தா, தனம் பாடுறா. அங்கதான் வீடு, நிறுத்துப்பா" என்றிருக்கிறார்.

அன்றைக்கு அந்தத் தெருவில் வேறொருவர் இறந்திருந்தார். கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா உள்ளே போய்த் தலையைத் தூக்காமல் மாலையைப் போட்டார். அத்தை கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த தனமே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட வந்தவர்களும் அழுதார்கள். பெட்டி மேல் புடவையை விரிக்கப் போன அத்தைதான் முதலில் பார்த்தது, உள்ளே இருந்தவருக்குப் பெரிய மீசை.

அந்த வீட்டார் கோபித்துக்கொள்ளவில்லை. விவரம் கேட்டதும் அவர் மனைவி, "அந்த அம்மாவா போயிட்டாங்க? அவங்க பாட்டத்தான இங்க போட்டிருக்கு" என்று தானும் அழுதாராம். எல்லோருக்கும் காபி கொடுத்து, வழிகாட்ட ஒரு ஆளையும் அனுப்பினார். போட்ட மாலையைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதால் உன் மாலை அவரோடு போய்விட்டது. சம்பங்கி மாலை, நன்றாக இருந்ததாம்.

அங்கே இருந்த அழுகையெல்லாம் தீர்ந்து, கோபத்தோடுதான் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். "எழவு வீட்டுல என்னம்மா ஊஞ்சல் பாட்டு? ஊரு சிரிக்காதா?" என்றார்.

"அக்கா சொல்லிட்டுப் போனது மாமா."

"சொன்னவ போயிட்டா. இருக்கறவங்க அழ வேணாமா?"

மாப்பிள்ளை காது மிஷினைக் கழற்றிவிட்டார். செல்வராஜ் ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பாட்டு இந்த வாசலில் வராது என்று நான் சொன்னேன். இந்தப் பாட்டு இனி ஓடக் கூடாது என்று மாமா சொன்னார். முடிவில் மைக் செட்டையே நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் பாடியவளின் வீட்டில் கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

நான் அழவில்லை அக்கா. வருகிறவர்களுக்கு வழி சொன்னேன், எடுக்கிற நேரம் சொன்னேன், சுடுகாட்டுக்கு எந்த வண்டி எப்போது புறப்படும் என்று சொன்னேன். ஜங்ஷனில் சொன்ன அதே குரலில். கல் நெஞ்சுக்காரி என்று உறவில் சிலர் பேசினார்கள். அது காதில் விழுந்தபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கில் பாதியைத்தான் காப்பாற்றினேன் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது புதுச் செய்திக்கு வருகிறேன். நந்தகுமாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தை மாசத்தில். பெண் ரேவதி, லால்குடிப் பக்கம், கணக்கு டீச்சர். இவன் கணக்கில் எவ்வளவு மார்க் வாங்கினான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அப்பா இல்லாத பெண். அம்மாதான் வளர்த்திருக்கிறார். தாலி கட்டி முடித்ததும் உன் ஊஞ்சல் பாட்டைப் போட வேண்டும் என்று நான் தீர்மானித்துவிட்டேன். மீதிப் பாதி வாக்கை அங்கேயாவது தீர்க்கலாம் இல்லையா. பெண் வீட்டில் இதைப் பேசவும், பத்திரிகை மாதிரியைக் காட்டவும் போன ஞாயிற்றுக்கிழமை நானும் நந்தகுமாரும் காரில் கிளம்பினோம்.

லால்குடிக்குக் கொஞ்சம் முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. காரை நிறுத்திக் காத்திருந்தோம். இரண்டு பக்கமும் வயல். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் சாவு போலிருக்கிறது, நீ பாட ஆரம்பித்தாய்.

ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எனக்கும் அது ஒரு விரோதி மாதிரிதான். ஆனால் அன்றைக்கு, ஆக்கி வச்ச சோறு என்று நீ எடுத்ததும் நந்தகுமாரிடம் கார் ஜன்னலை இறக்கச் சொன்னேன். உன்னைத் தூக்கிய நாளுக்கு அப்புறம், தெருவில் அந்தப் பாட்டு வந்தால் நானும் உன்னைப் போலவே ஜன்னலைச் சாத்திவிடுவேன்; உன் குரலை ஒரு தடவைகூட நின்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்து இறங்கி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். பைக்கில் நின்றிருந்தவர், "ஒங்க சொந்தமாங்கம்மா?" என்று அந்த வீட்டைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். நடுவில் ரயில் வந்து உன் குரலை மறைத்தது. அது கடந்து போகிற வரைக்கும் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

நந்தகுமார் பயந்துபோய், "அம்மா, உள்ள வாம்மா, ஏசிய கூட்டி வைக்கிறேன்" என்றான். பாவம், அவனுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்.

இருக்கறவங்க அழ வேணாமா என்று மாமா கேட்டதற்கு அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது. ஜில்லாவில் எத்தனையோ வீட்டில் தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தவர்களை நீ அழ வைத்திருக்கிறாய். என் வீட்டில் மட்டும் அதற்கு நீ இல்லை. நீ கேட்டபடிதான் செய்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை நீ நினைத்த மாதிரி என்னால் இனி நினைக்க முடியாது. உன் மேல் ஒட்டிய கறை என்று நீ எண்ணியது, எங்களுக்கு உன்னால் கிடைத்த ஆறுதல். இதை நீ இருக்கும்போது யாராவது உன்னிடம் சொன்னார்களா?

வீங்கின கண்ணோடுதான் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். காபி குடித்து, பத்திரிகை பார்த்து, மெதுவாகப் பாட்டு விஷயத்தை எடுத்தேன். சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சகுனமெல்லாம் நான் பாக்கறதில்லீங்க. எங்க வீட்டுக்காரரு போனப்ப அவங்க குரல்தான் வாசல்ல. அந்தக் குரல் கேட்டா, எந்தப் பாட்டா இருந்தாலும், அவரு வந்து நின்னுடறாரு. மகளுக்குத் தாலி ஏறுறப்ப நான் அழுதுகிட்டு நிக்கணுமா? அது வரைக்கும் நான் சமையக்கட்டுலதான் இருப்பேன், ஆனாலும் காதுல விழுமே."

"சமையக்கட்டுல எதுக்கு?" என்றேன்.

"நான் எப்படிங்க மணவறையில நிக்கறது" என்றார், என்னவோ நான் தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

அக்கா, எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. வாழ்த்தட்டும், பாட வேண்டாம் என்று தாம்பூலத்தோடு வந்து சொன்னார்களே, அதைக் கேட்டுவிட்டு வந்த நாளின் முகம். உனக்காக வாதாடத்தான் போனேன். அங்கே உன்னைப் போலவே ஒருவர், தன் மகள் கல்யாணத்திலேயே தள்ளி நிற்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். யாருக்காக நான் பேசியிருக்க வேண்டும், சொல்.

"பாட்டு வேணாங்க. தாலி கட்டறப்ப நாதஸ்வரம் போதும். ஆனா நீங்க ரேவதி பக்கத்துல நிக்கணும். மாப்பிள்ளையோட அம்மா நான் சொல்றேன். யாராவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கிறேன்" என்றேன். ரேவதி எழுந்து போய் அம்மா தோளில் கை வைத்துக்கொண்டாள். வாசல் வரை வந்து வழியனுப்பும்போது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "ஊஞ்சல் பாட்ட பந்தியில போட்டுக்கலாங்க. அப்ப அவரு வந்தாலும் பரவால்ல, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

உன் பாட்டு பந்தியில். மணவறைக்கு வரவில்லை, பந்திக்கு வந்துவிட்டது. கோபமா? உன்னை எனக்குத் தெரியும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பாடுவதற்கு நீ சம்மதித்திருப்பாய்.

திரும்பி வரும்போது நந்தகுமாரிடம் இன்னொன்றும் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பெரியம்மா பாட்ட வாசல்ல போடு."

"நல்ல விஷயம் பேசிட்டு வர்றப்ப என்னம்மா இது?" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "எத, ஊஞ்சல் பாட்டையா?" என்று கேட்டான்.

"இல்ல. அந்தப் பாட்ட."

உன்னைக் கேட்காமல் எடுத்த முடிவுதான். உன் சாவுக்கு நீ சொன்னபடி நடந்தது. என் சாவு என் இஷ்டம். அதில் நீ தலையிட முடியாது.

ஆகவே இரண்டு காரியம் உனக்கு வாக்காகத் தருகிறேன். தை மாசம் நம் வீட்டுக் கல்யாணத்தில், ஜனங்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நீ பாடுவாய், சத்தமாக. அதைக் குறைக்கச் சொல்லி யாரும் வராதபடி நான் செல்வராஜ் பக்கத்திலேயே நிற்பேன். அதற்கப்புறம் என்றைக்கோ என் வாசலிலும் நீ பாடுவாய். உன்னைத் தூக்கியபோது நான் அழவில்லை அக்கா. என்னைத் தூக்கும்போது நீ அழுவாய்.

உன் கூடப்பிறந்த தங்கை,
கமலம்
எடமலைப்பட்டி புதூர்